நம்பர் போடுறது ஏஜெண்ட் வேலையாம்!

"எல்லாத்துக்கும் ஒரே டூட்டிதானே சார், எந்த நம்பர் போட்டா என்ன?"

மரவேலை மெஷின் இறக்குமதி பண்றவங்க வாயில இந்த வசனத்தைக் கேட்டாச்சு. அவங்களுக்கு பேப்பர் போட்டுக் கொடுக்கிறவங்க வாயிலயும் கேட்டாச்சு. ஏன், என் கூட ஆபீஸ்ல ஆணி புடுங்குற ரெண்டு பேரும் இதையேதான் சொல்றாங்க. அதுல ஒருத்தர் ஒரு படி மேல போய், "அந்த டாரிஃப் புத்தகத்தையே கொளுத்திட்டு எல்லாத்துக்கும் 10 பர்சென்ட்னு வெச்சா நாடு உருப்பட்டுடும்"னு தீர்ப்பும் எழுதிட்டார். அவருக்கு பின்னூட்டத்துல பதில் சொன்னா பின்னூட்டம் பதிவை விட நீளமாயிடும். அதனால தனிப்பதிவு. டீ வாங்கி வெச்சுக்கிட்டு உட்காருங்க மக்களே.

சாஃப்ட்வேர்காரனுக்கு இதுல என்ன வேலைன்னு கேப்பீங்க. சித்தப்பா தச்சுப் பட்டறை வெச்சிருக்கார், ஆறு பேர் வேலை பார்க்கிறாங்க. வீட்டுல "கம்ப்யூட்டர் தெரிஞ்ச பையன்" ஒருத்தன் இருந்தா, கரண்ட் பில்லுல ஆரம்பிச்சு பில் ஆஃப் என்ட்ரி வரைக்கும் எல்லாம் அவன் தலையிலதான் விடியும். அப்படி வந்து சேர்ந்தது இது. படிக்கப் படிக்க எனக்கு ஒண்ணு புரிஞ்சுது: இந்த நம்பரை ஏஜெண்ட் தலையில கட்டிட்டு நிம்மதியா தூங்குறது மாதிரி ஒரு மடத்தனம் கிடையாது. மெஷினை வாங்குறவன்தான் இதை முடிவு பண்ணணும், அதுவும் அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி.

முதல்ல அந்த நம்பரோட ஜாதகம். ஹெச்.எஸ். என்கிற சர்வதேச வகைப்பாடு 1988 ஜனவரி 1-ஆம் தேதி அமலுக்கு வந்தது. இப்போ பிரஸ்ஸல்ஸ்ல இருக்கிற உலக சுங்க அமைப்பு அதைப் பராமரிக்குது. முதல் ஆறு இலக்கம் எல்லா நாட்டுக்கும் பொது. அதுக்கு மேல அவங்கவங்க இஷ்டம். இந்தியாவுல 1975-ஆம் வருஷ கஸ்டம்ஸ் டாரிஃப் சட்டத்தோட அட்டவணைப்படி மொத்தம் எட்டு இலக்கம். சீனாக்காரர் இன்வாய்ஸ்ல பத்து இலக்கம் போட்டு அனுப்புவார். அதுல கடைசி நாலு அவர் ஊர் விவகாரம், நமக்கும் அதுக்கும் ஸ்நானப்பிராப்தி இல்லை. அதைக்கூட அப்படியே காப்பி அடிச்சு வெக்கிற புண்ணியவான்கள் இருக்காங்க.

இன்னொரு விஷயம் கவனிங்க. சீனாவுல ஏற்றுமதி பண்றவங்களுக்கு வாட் வரியைத் திருப்பிக் கொடுக்கிறாங்க. எவ்வளவு திரும்பும்கிறது பொருளோட நம்பரைப் பொறுத்தது. அப்போ அவர் ஒரு நம்பர் போடுறார்னா அதுல அவர் ஊர் கணக்கும் கலந்திருக்கலாம். அவர் சௌகரியத்துக்குப் போட்ட நம்பர் கீழே நாம ஏன் கையெழுத்துப் போடணும்?

மரவேலை மெஷினுக்கு வீடு 8465. மரம், தக்கை, எலும்பு, கெட்டி ரப்பர், கெட்டி பிளாஸ்டிக் மாதிரி கடினமான பொருட்களை வேலை செய்யிற இயந்திரக் கருவிகள். ஆணி அடிக்கிறது, ஸ்டேபிள் போடுறது, பசை போட்டு ஒட்டுறது எல்லாம் இதே வீட்டுல சேர்த்தி. (ஆணி அடிக்கிற மெஷினுக்கு இடம் கொடுத்தவங்க புடுங்குறவங்களைப் பத்தி மூச்சு விடலை. நாமெல்லாம் சேவைத்துறை போல :-) )

ஆனா பட்டறையில நிக்கிறது எல்லாம் 8465 ஆயிடாது. கையில பிடிச்சு வேலை செய்யிற டிரில், சர்க்குலர் சா, கை ரவுட்டர் இதெல்லாம் 8467. கூட ஒரு ஸ்டாண்ட் கொடுத்துட்டாங்கன்னா கை மெஷின் டேபிள் மெஷின் ஆயிடாது. பெஞ்சுல பொருத்தி வெக்கிறதுக்குன்னே செஞ்சதா, கையில தூக்கி நகர்த்தி வேலை செய்யச் செஞ்சதாங்கிறதுதான் கேள்வி. லேசர்ல மரத்தை வெட்டி எடுக்கிற மெஷின் 8456-க்குப் போயிடும். 84-ஆம் அத்தியாயத்தோட குறிப்புலயே இது இருக்கு: ஒரு மெஷின் 8456-க்கும் 8465-க்கும் பொருந்தினா 8456-தான். பச்சை மரத்தைக் காய வைக்கிற டிரையர் 8419. மரத்தூளை அழுத்தி போர்டு பண்ற பிரஸ் 8479. பக்கத்துல பக்கத்துல நிக்கிற மெஷின்கள், ஆளுக்கு ஒரு ஊர்.

இப்போ 8465 வீட்டுக்குள்ளே வாங்க. நான் ரொம்ப ரசிச்ச இடம் இது. அறுக்கிறது 91, இழைக்கிறது மில்லிங் மோல்டிங் எல்லாம் 92, தேய்க்கிறது 93, வளைக்கிறது சேர்க்கிறது 94, துளை போடுறது 95, பிளக்கிறது சீவுறது 96. எதுலயும் சேராதது 99, அதாவது "மற்றவை". இதுக்கெல்லாம் முன்னாடி ரெண்டு அறை இருக்கு, 10, 20-ன்னு. வம்பே அங்கதான்.

8465.10-ங்கிறது, வேலைக்கு வேலை டூலை மாத்தாமலே பல விதமான வேலை செய்யிற மெஷின். ஒரே உடம்புல ஒரு பக்கம் ரம்பம், ஒரு பக்கம் இழைப்பு, ஒரு பக்கம் துளை போடுறதுன்னு இருக்கும் பாருங்க, கட்டையை நாமளே ஒவ்வொரு பக்கமா கொண்டு போவோம், அந்த மாதிரி. 8465.20 நேர் எதிர். ஒரு மேகஸின்ல டூல்கள் வரிசையா தொங்கும். புரோகிராம் சொல்றபடி மெஷினே ஒண்ணை வெச்சுட்டு அடுத்ததை எடுத்துக்கும். இந்த அறை 2017-ல்தான் கட்டினாங்க. அதுக்கு முன்னாடி போட்ட பழைய இன்வாய்ஸைப் பார்த்து காப்பி அடிச்சா இந்த நம்பர் கண்ணுலயே படாது.

அப்போ ஒரு சி.என்.சி. ரவுட்டர் வாங்குறீங்க. ஏ.டி.சி. இருக்கா, அதாவது டூலை அதுவே மாத்திக்குமா? இருந்தா 20. இல்லை, ஒரு ஸ்பிண்டில்தான், ஆசாரியே ஸ்பேனர் வெச்சு பிட்டை மாத்தணும்னா, அடிப்படையில அது மில்லிங் மெஷின், 92. ஒரே கம்பெனி, ஒரே கேட்டலாக், ஒரே பெயிண்ட், பக்கத்துப் பக்கத்து மாடல். இன்வாய்ஸ்ல ரெண்டுக்கும் "சி.என்.சி. ரவுட்டர்"னுதான் இருக்கும். வித்தியாசம் தெரிஞ்சவர் யாரு? பேப்பரை மட்டும் பார்க்கிற ஏஜெண்ட்டா, "ஏ.டி.சி. இருக்கா இல்லையா"ன்னு முதல் கேள்வியே கேக்குற பட்டறைக்காரரா?

எட்ஜ் பேண்டிங் மெஷினை எடுத்துக்குங்க. பலகை ஒரு முனையில நுழையுது. பசை பூசி, பட்டியை ஒட்டி, நுனியை வெட்டி, விளிம்பைச் சீவி, பாலிஷ் பண்ணி மறுமுனையில வெளிய தள்ளுது. இது "சேர்க்கிற" மெஷினா, அதாவது 94? இல்லை டூல் மாத்தாம பல வேலை செய்யிறதால 10-ஆ? ஒட்ட மட்டும் செய்யிற சின்ன மாடல்னா 94-னு நான் அடிச்சுச் சொல்லுவேன். வரிசையா அஞ்சு ஸ்டேஷன் இருக்கிற பெரிய மாடலுக்கு ரெண்டு பக்கமும் வக்கீல் கிடைப்பாங்க. இதுக்கு கண்ணை மூடிட்டு 99 போடுறாங்களே, அதுக்கு மட்டும் வக்கீலே கிடைக்க மாட்டாங்க. நம்ம பாஷையில சொன்னா, ஸ்விட்ச்ல எழுதி வெச்ச கேஸ் ஒண்ணைக்கூட படிக்காம நேரா டீஃபால்ட்டுக்குப் போறது.

சரி, மேட்டருக்கு வருவோம். ஒரே டூட்டிங்கிற வாதம்.

8465-க்குள்ளே எந்த அறையா இருந்தாலும் இந்தியாவுல அடிப்படை வரி 7.5 சதவீதம்தான், அது வரைக்கும் உண்மை. பத்து லட்ச ரூபாய் மெஷின்னா 75,000. அதுக்கு மேல சமூக நல சர்சார்ஜ் 10 சதவீதம், 7,500. ரெண்டையும் சேர்த்த 10,82,500 மேல ஐ.ஜி.எஸ்.டி. 18 சதவீதம், 1,94,850. மொத்தம் 2,77,350. ஐ.ஜி.எஸ்.டி.யை கிரெடிட் எடுத்துக்கலாம். ஆனா காம்போசிஷன் ஸ்கீம்ல இருக்கிற சின்னப் பட்டறைக்கு அதுவும் கிடையாது, மொத்தமும் கைக்காசு.

ஆனா கண்டெய்னர்ல மெஷின் மட்டுமா வருது? ரம்ப பிளேடு வருது, அது 8202. பிளேனர் கத்தி 8208. ரவுட்டர் பிட் 8207. "மெஷினோட வந்தது மெஷினோட சேர்த்தி"ன்னு நினைச்சீங்கன்னா அவுட். அந்த மெஷினுக்குன்னே செஞ்ச கத்தியா இருந்தாலும் ஸ்பேரா தனியா வந்தா 82-ஆம் அத்தியாயம்தான். ஒரே டூட்டிங்கிற தைரியம் 8465 வாசற்படியோட சரி. வேற அத்தியாயத்துக்குப் போனா அன்னிக்கு அங்க என்ன வரியோ அது.

பலகையை மேசையில பிடிச்சு வெக்கிற வேக்யூம் பம்ப், தனியா வந்தா 8414. ரவுட்டரோட அங்கமா சேர்ந்து வந்தா, எல்லாம் ஒண்ணா சேர்ந்து ஒரு வேலையை முடிக்குதுங்கிற குறிப்பைக் காட்டி 8465-லயே வெக்கலாம். பலகை நகர்ந்தா வெட்டே இல்லையே. தூசி உறிஞ்சிக்கு அந்தச் சலுகையை நான் கேக்க மாட்டேன். அது செய்யிறது துணை வேலை, வெட்டுற வேலை இல்லை, 8421-தான் நியாயம். (நடுவுல ஒண்ணு: காசு மிச்சம் பிடிக்கன்னு ஆர்டர்ல முதல்ல வெட்டுறது இந்த தூசி உறிஞ்சியைத்தான். மரத்தூள் புற்றுநோய் வரவழைக்கும்னு உலக சுகாதார அமைப்போட புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1995-லயே முதல் வகையில சேர்த்தாச்சு. அதை மட்டும் வெட்டாதீங்க ஐயா.)

அப்புறம் ஒப்பந்த நாடுகள். ஜப்பான், கொரியா, ஆசியான் நாடுகள்ல இருந்து வர்றதுக்கு வரிச்சலுகை கேக்கணும்னா, பொருள் அங்க "பிறந்தது"ன்னு சான்றிதழ் வேணும். பொதுவா அதுக்கு விதி என்னன்னா, உள்ளே போன உதிரிப்பாகங்களோட ஆறு இலக்க நம்பரும் வெளியே வந்த மெஷினோட நம்பரும் வேற வேறயா இருக்கணும், கூடவே 35 சதவீத உள்நாட்டு மதிப்பும் இருக்கணும். ஆறு இலக்கத்துல ஒரு இலக்கம் தப்புன்னா இந்தக் கணக்கே ஆட்டம் காணும். 2020 செப்டம்பர்ல வந்த விதிகள்படி பிறப்பிடத் தகவலைக் கையில வெச்சிருக்க வேண்டிய பொறுப்பும் இறக்குமதியாளருக்குத்தான். இன்னுமா "எந்த நம்பர் போட்டா என்ன"?

எல்லாத்தையும் விட முக்கியமானது கையெழுத்து. 2011-லிருந்து சுய மதிப்பீடு. அதாவது நம்பரையும் வரியையும் நாமே கணக்குப் போட்டு நாமே சரின்னு சொல்லி தாக்கல் பண்றோம். அப்புறம் தப்புன்னு தெரிஞ்சா ரெண்டு வருஷம் வரைக்கும் நோட்டீஸ் வரலாம். வேணும்னே மறைச்சீங்க, பொய் சொன்னீங்கன்னு சொன்னா அஞ்சு வருஷம். வட்டி வருஷத்துக்கு 15 சதவீதம், அபராதம் வரிக்குச் சமமாவே விழலாம். நோட்டீஸ்ல ஏஜெண்ட் பேர் முதல்ல இருக்காது, பட்டறை பேர்தான் இருக்கும். அவர் பத்து கண்டெய்னர்ல ஒண்ணா நம்மதைப் பார்த்தவர். கண்டெய்னருக்கு இவ்வளவுன்னு வாங்கிக்கிட்டு பேப்பர் போடுறவர் கிட்ட மெஷினோட உள்ளுறுப்பு தெரியணும்னு எதிர்பார்க்கிறதும் தப்பு. 2018-ல் வந்த விதிகள்படி கட்சிக்காரருக்கு சட்டம் சொல்லி வழிகாட்ட வேண்டிய கடமை அவருக்கு உண்டுதான். ஆனா வெட்டுறது பிட்டா பிளேடான்னு சொல்ல வேண்டியது நாமதான்.

சித்தப்பா கேஸ்ல என்ன நடந்துச்சுன்னா, எட்டு டூல் மேகஸினோட ஒரு ரவுட்டர். ஏஜெண்ட் அனுப்பின செக்லிஸ்ட்ல "சி.என்.சி. மெஷின் வித் ஆக்சசரீஸ், 1 செட்", நம்பர் 8465.99. கேட்டா, "இதுதாங்க எப்பவும் போடுறது, ஓகேன்னு ஒரு மெயில் தட்டி விடுங்க, லேட்டானா ஃபைன்". ஃபைன் விஷயம் உண்மை. தாக்கல் தாமதமானா முதல் மூணு நாள் தினம் 5,000, அதுக்கப்புறம் தினம் 10,000. இந்த பயத்தைக் காட்டித்தான் கடைசி நிமிஷத்துல ஓகே வாங்குறாங்க. அந்த "ஓகே" இருக்கே, அதுதான் கையெழுத்து.

எனக்கு அதுல நம்பரை விட எரிச்சல் வந்தது அந்த "1 செட்"டைப் பார்த்துத்தான். ஏன்னு சொல்றேன். நார்தர்ன் பிளாஸ்டிக் வழக்குல 1998-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னதோட சாரம் இது: பொருளைச் சரியா விவரிச்சுட்டு, இது இந்த வகைன்னு நல்லெண்ணத்தோட ஒருத்தர் கோரினா, அந்தக் கோரிக்கை தப்பாப் போனாலும் பொய் அறிவிப்பு ஆகாது. அதாவது நம்பர்ங்கிறது நம்ம கருத்து. விவரம்ங்கிறது நாம சொல்ற சாட்சி. கருத்து தப்பா இருந்தா வாதாடலாம், வித்தியாச வரியைக் கட்டிட்டு வெளிய வந்துடலாம். "1 செட்"டுக்குள்ளே பிளேடையும் பம்பையும் தூசி உறிஞ்சியையும் புதைச்சு வெச்சா, மறைச்சீங்கன்னு அவங்க சொல்றதுக்கு நாமளே முகவரி எழுதிக் கொடுத்த மாதிரி. ரெண்டு வருஷம் அஞ்சு வருஷமா நீளுற வழி அதுதான்.

இதுல கூத்து என்னன்னா, ஜாஸ்தியா கட்டினாலும் நிம்மதி இல்லை. ஐ.டி.சி. வழக்குல 2019 செப்டம்பர்ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு: சுய மதிப்பீடும் ஒரு உத்தரவுதான், அதை மேல்முறையீடு பண்ணி மாத்தாம ரீஃபண்ட் கேக்க முடியாது. நாமே போட்ட கணக்கை எதிர்த்து நாமே அப்பீல்! 2025-ஆம் வருஷ நிதிச் சட்டத்துல 18ஏ-ன்னு ஒரு பிரிவு சேர்த்து, சரக்கு வெளியே போன பிறகும் நாமளா திருத்திக்க வழி பண்ணாங்க. ஆறு வருஷம் கழிச்சாவது புத்தி வந்துச்சே.

அரசாங்கத்தை விட்டுட்டேன்னு நினைக்காதீங்க, வர்றேன். சுய மதிப்பீடுன்னு பொறுப்பை பட்டறைக்காரன் தலையில வெச்சீங்க, சந்தோஷம். அதுக்குப் படிக்க வேண்டிய புத்தகம் எங்க? வகைப்பாட்டுச் சண்டையில ஹெச்.எஸ். விளக்கக் குறிப்புகள்தான் வழிகாட்டின்னு 1995-ல் உட் கிராஃப்ட் வழக்குல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு (அந்த வழக்கே பிளாக் போர்டு பலகையைப் பத்தினது, மரக்கடைக்காரங்க பெருமைப்பட்டுக்கலாம்). அந்தக் குறிப்புகள் ரொம்ப காலமா காசு கொடுத்து வாங்குற சரக்கு. அதுவும் உலக சுங்க அமைப்போட அதிகாரப்பூர்வ மொழிகளான இங்கிலீஷ், பிரெஞ்சு ரெண்டுலதான். இந்தச் சட்டத்துக்குக் கட்டுப்படணும், ஆனா அதோட உரை வேணும்னா துட்டு எடு. இது என்ன நியாயம்?

சந்தேகம்னா முன்கூட்டியே தீர்ப்பு வாங்கிக்கோன்னு சொல்றாங்க. வாங்கலாம். கட்டணம் 10,000 ரூபாய். அதுக்கான ஆணையம் ரெண்டே ரெண்டு, டெல்லியிலயும் மும்பையிலயும். தூத்துக்குடியில இறங்குற பத்து லட்ச ரூபாய் மெஷினுக்கு, மொத்த அடிப்படை வரியே 75,000 இருக்கிற இடத்துல, கட்டணமும் ஆலோசகர் ஃபீஸும் கொடுத்து எவன் போவான்? அப்படியே போய் வாங்கினாலும் கேட்டவருக்கு மட்டும்தான் அது செல்லும், பக்கத்துப் பட்டறைக்காரர் அதே மெஷினுக்கு மறுபடி முதல்லேர்ந்து. அமெரிக்காவுல இதே மாதிரி தீர்ப்புக்குக் கட்டணம் கிடையாது. வந்த தீர்ப்பெல்லாம் கிராஸ்ங்கிற தளத்துல கூகிள்ல தேடுற மாதிரி தேடிப் படிக்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்துலயும் இதுக்குன்னு பொதுத் தளம் இருக்கு. உலகத்துக்கே சாஃப்ட்வேர் எழுதித் தர்ற ஊர், நமக்கு ஒரு நல்ல தேடுபெட்டி வெக்க முடியாதா? சின்ன மெஷினுக்கு ஆயிரம் ரூபாய்ல, அந்தந்தத் துறைமுகத்துலயே, படமும் கேட்டலாக்கும் வெச்சு ஒரு மாசத்துல பதில்னு ஒரு ஏற்பாடு பண்ண என்ன கேடு?

கொளுத்தச் சொன்ன நண்பருக்கு: அய்யா, வரி விகிதத்தைக் குறைங்க, எண்ணிக்கையைக் குறைங்க, நானும் கூட கொடி பிடிக்கிறேன். 2025 பட்ஜெட்ல ஏழு விகிதத்தைத் தூக்கி, பூஜ்யத்தையும் சேர்த்து எட்டா ஆக்கினாங்க, நல்லதுதான். ஆனா எல்லாத்துக்கும் 10-னு வெச்ச மறுநாளும் இந்த நம்பர் செத்துடாது. எந்த நாட்டுல பிறந்ததுன்னு பார்க்க அதுதான் வேணும், பொருள்குவிப்புத் தடுப்பு வரி போடவும் அதுதான் வேணும், எவ்வளவு மெஷின் உள்ள வந்துச்சுன்னு எண்ணவும் அதுதான் வேணும். புத்தகத்தைக் கொளுத்துறது சுலபம், 8465-ஐ ஒரு தடவை படிக்கிறதுக்கு உங்களுக்கு அரை மணி நேரம் ஆகாது.

சித்தப்பா கேஸ்ல செக்லிஸ்டைத் திருப்பி அனுப்பினோம். விவரம் இப்படி மாறுச்சு: மரம், பிளைவுட் வெட்டிச் செதுக்கும் சி.என்.சி. ரவுட்டர், மேசையில நிலையாகப் பொருத்தப்பட்டது, எட்டு டூல் மேகஸின், புரோகிராம்படி தானே டூல் மாற்றுவது, மேசையோட இணைந்த வேக்யூம் பம்போட சேர்த்து, 8465.20. ரவுட்டர் பிட் தனி வரி. தூசி உறிஞ்சி தனி வரி. ரம்ப பிளேடு தனி வரி. ஏஜெண்ட் முகம் சுளிச்சார், நாலு வரி கூட டைப் பண்ணணுமே. சித்தப்பா ஒவ்வொரு வரியா படிச்சுப் பார்த்து அப்புறம்தான் ஓகே மெயில் போடச் சொன்னார்.

டிஸ்கி: நான் வக்கீலும் இல்லை, கஸ்டம்ஸ் புரோக்கரும் இல்லை. மெஷின் வாங்கப் போறவங்க வரி விகிதத்தை அன்னன்னிக்குள்ள அட்டவணையில பார்த்துக்குங்க. எட்ஜ் பேண்டிங் 94-ஆ 10-ஆன்னு கும்மி அடிக்க விரும்புறவங்களுக்கு பின்னூட்டப் பெட்டி திறந்தே இருக்கு. 99-னு யாராச்சும் வந்தா மட்டும் மாடரேஷன் :-)